படகிலேயே குடியிருந்தால் போலீஸ் வந்து வெளியேற்றுமா?

கேள்வி: லண்டனில் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஒரு நேரோபோட் (கால்வாய்களுக்கான ஒடுக்கமான நீளப் படகு) வாங்கிக் கால்வாயிலேயே குடியேறலாம் என்று யோசிக்கிறேன். இதில் போலீஸ், கோர்ட் என்று ஏதாவது சிக்கல் வருமா?

போலீஸ் வந்து உங்களைப் படகிலிருந்து இறக்கிவிடுவது இங்கிலாந்தில் அநேகமாக நடக்காது. ஆனால் படகு உங்கள் கையை விட்டுப் போகலாம், அதோடு வீடும் போய்விடும். அதைச் செய்வது கால்வாயை நிர்வகிக்கும் அமைப்பு, அதுவும் ஒரு லைசன்ஸ் தகராறு என்ற பெயரில், சிவில் கோர்ட் வழியாக. படகு வாங்க நினைக்கும் பலருக்கு இது தெரிவதில்லை, எல்லோரும் போலீஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் லண்டனில் லீ ஆற்றிலும் ரீஜண்ட்ஸ் கால்வாயிலும் சில வருடங்கள் படகில் வாழ்ந்தவன். இப்போது கரையில் இருக்கிறேன், ஆனால் நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் தண்ணீரில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் கால்வாய்களும் ஆறுகளும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2012 வரை பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொண்டிருந்தது, அதன் அதிகாரங்கள் எல்லாம் அப்படியே டிரஸ்ட்டுக்கு வந்துவிட்டன. லைசன்ஸ் வாங்க மூன்று விஷயம் வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், படகைக் கட்டி வைக்க உங்களுக்கென்று ஒரு நிரந்தர இடம் வேண்டும். லண்டனில் அந்த மூன்றாவதுதான் கிடைக்காது. கிடைத்தாலும் பெரும்பாலான இடங்களில் குடியிருக்க அனுமதி இருக்காது, படகை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். குடியிருப்பு அனுமதியுள்ள இடங்கள் மிகக் குறைவு, விலையோ ஒரு சின்ன ஃப்ளாட் வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்படி இடம் இல்லாதவர்களுக்கு 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: லைசன்ஸ் காலம் முழுவதும் படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது, சூழ்நிலையைப் பொறுத்து நியாயமாக இருந்தால் அதற்கு மேலும் நிற்கலாம். இந்த வகை லைசன்ஸ் வைத்திருப்பவர்களைக் கன்டினியூவஸ் க்ரூசர் என்பார்கள். லண்டனில் நீங்கள் பார்க்கும், கரையோரமாக வரிசையாகக் கட்டிய, கூரையில் விறகும் சைக்கிளும் செடித் தொட்டியுமாக இருக்கும் படகுகளில் பெரும்பகுதி இதுதான்.

சிக்கல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. 'ஓர் இடம்' என்றால் எவ்வளவு பெரிய இடம் என்று சட்டம் சொல்லவில்லை. 14 நாள் கழித்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை, ஒரு வருடத்தில் மொத்தம் எத்தனை மைல் என்ற கணக்கும் இல்லை. இந்த மசோதா 1990-ல் வந்து, எல்லோருக்கும் நிரந்தர இடம் கட்டாயம் என்ற யோசனை எதிர்ப்பில் கரைந்து, ஐந்து வருட வாதத்துக்குப் பிறகு சட்டமானது. நாடாளுமன்றம் தூரத்தைத் திறந்தே விட்டுவிட்டது. அந்த இடைவெளியை டிரஸ்ட் தன் வழிகாட்டிக் குறிப்புகளால் நிரப்புகிறது. 'இடம்' என்றால் ஒரு ஊர் அல்லது ஒரு பேட்டை, அடுத்த பாலத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்தால் போதாது என்கிறது. ஒரு வருடத்தில் உங்கள் படகு போன எல்லை 15, 20 மைலுக்குக் குறைவாக இருந்தால் அநேகமாக ஏற்க மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது 14 நாளுக்கு மேல் நிற்கக் காரணம் ஆகாது என்றும் அவர்கள் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். படகுவாசிகள் தரப்பு, சட்டத்தில் இல்லாத தூரத்தைக் குறிப்பில் எழுதி அமல்படுத்துவது தவறு என்கிறது. நான் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான். அதே சமயம் பாத் நகரத்துக்கும் பிராட்ஃபோர்டு ஆன் ஏவனுக்கும் இடையே பத்து மைல் நீளத்துக்குள் முன்னும் பின்னுமாகப் போய்வந்த ஒருவரின் வழக்கில், அது உண்மையான பயணம் இல்லை என்று பிரிஸ்டல் கவுண்டி கோர்ட் சொல்லிவிட்டது. கவுண்டி கோர்ட் தீர்ப்பு மற்ற கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் டிரஸ்ட் தரப்பு அதைத்தான் எடுத்துக் காட்டும்.

இதைக் காகிதத்தில் படிக்கும்போது என்ன பெரிய விஷயம், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்குப் பக்கத்தில் அடிக்கடி கட்டியிருந்த ஒரு குடும்பத்தில் சின்னக் குழந்தை, பள்ளிக்கூடம் லண்டனின் ஹாக்னி பகுதியில். படகு வடக்கே தள்ளிப் போன வாரங்களில் அந்தம்மா விடியும் முன்பே குழந்தையைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து, சேறும் இருட்டுமான கரைப் பாதையில் மைல் கணக்கில் ஓட்டிக்கொண்டு போவார், மழையானாலும் பனியானாலும். நர்ஸ், சமையல்காரர், கட்டட வேலைக்காரர், டயாலிசிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் போக வேண்டியவர் என்று கரையோரத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பொழுதுபோக்குப் பயணம் போகிறவர்களுக்கான விதியைப் பொருத்தினால் எப்படி?

நடைமுறை இப்படிப் போகும். டிரஸ்ட் ஆட்கள் கரையோரமாக வந்து ஒவ்வொரு படகின் பதிவு எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பதிவுகளை வைத்து நீங்கள் போதுமான அளவு நகரவில்லை என்று தோன்றினால் முதலில் நினைவூட்டல் வரும், அப்புறம் எச்சரிக்கை. 2015-லிருந்து ஒரு வருட லைசன்ஸுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தருவதும் நடக்கிறது. அதிலும் திருப்தி இல்லையென்றால் லைசன்ஸ் புதுப்பிக்கப்படாது. லைசன்ஸ் இல்லாத படகு என்றால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு வருகிறது: 28 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அனுமதியில்லாமல் நிற்கும் படகைத் தண்ணீரிலிருந்து அகற்றலாம். படகு ஒருவரின் வீடு என்று தெரிந்தால் வழக்கமாக முதலில் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்குகிறார்கள். உத்தரவு வந்த பிறகு படகை இழுத்தோ கிரேன் வைத்துத் தூக்கியோ கொண்டுபோவார்கள்.

படகு பொருள்தான், ஆனால் உள்ளே இருப்பது குடும்பம். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டது. கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் வாழ்ந்த மாற்றுத்திறனாளி ஒருவரின் வழக்கு அது. குடும்பத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புக் கேட்கும் உரிமை, அதாவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு, படகில் வாழ்பவருக்கும் உண்டு, படகைப் பறிப்பது அளவுக்கு மீறிய நடவடிக்கையா என்ற கேள்வியை அவர் கோர்ட்டில் எழுப்பலாம் என்று தீர்ப்பு வந்தது. அப்படி எழுப்பினால் ஜெயித்துவிடுவோம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வாயே திறக்க முடியாது என்ற நிலை போனது.

மற்றபடி சட்டத்தின் பார்வையில் படகு ஒரு 'அசையும் சொத்து'. செல்சியில் கரையில் கட்டியிருந்த ஒரு வீட்டுப்படகு விஷயத்தில், அது நிலத்தின் பகுதி அல்ல, ஆகவே வீட்டு வாடகைதாரருக்கான பாதுகாப்பு பொருந்தாது என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரவன் பூங்காவில் குடியிருப்பவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மரினாவில், அதாவது கட்டணத்துக்குப் படகு நிறுத்தும் துறையில், படகோடு குடியிருப்பவருக்கு அது கிடையாது, அவர் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டும். பணம் கொடுத்து மரினாவில் இடம் எடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 175-ஆவது பிரிவுப்படி, குடியிருக்கும் படகை வைத்து அதில் வசிக்க அனுமதியுள்ள இடம் எதுவும் இல்லாதவர் வீடற்றவராகவே கருதப்படுவார். உள்ளாட்சி கவுன்சிலில் போய் உதவி கேட்கும் உரிமை அதிலிருந்து வருகிறது.

சரி, போலீஸ். 1984-ஆம் ஆண்டு போலீஸ் அதிகாரச் சட்டத்தில் சோதனைக்கான 'வளாகம்' என்பதில் படகும் சேரும். அதாவது உங்கள் படகுக்குள் நுழைந்து தேட அவர்களுக்கு வாரன்டோ சட்டத்தில் சொல்லப்பட்ட வேறு அதிகாரமோ இருக்க வேண்டும், கரையில் நிற்கிறது என்பதற்காகச் சும்மா ஏறிவிட முடியாது. டிரஸ்ட் ஆட்கள் போலீஸ் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2022-ல் வந்த, அனுமதியில்லாமல் வண்டியோடு நிலத்தில் தங்குவதைக் குற்றமாக்கிய சட்டம் நாடோடிச் சமூகங்களை மோசமாகப் பாதித்தது, ஆனால் அது வண்டிகளையும் கேரவன்களையும் பற்றியது, படகுகளைப் பற்றியது அல்ல.

எங்களுக்குப் போலீஸோடு இருந்த உண்மையான வருத்தம் நேர் எதிரானது: வேண்டும்போது கிடைப்பதில்லை. என் படகுக் கூரையிலிருந்து ஜெனரேட்டர் திருடு போனபோது புகார் எழுதிக்கொள்ளவே பெரும்பாடு பட்டேன். முகவரி என்ன, அஞ்சல் குறியீடு என்ன என்ற கேள்விக்கு மேல் பேச்சு நகரவில்லை, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று சொன்னால் எழுதிக்கொள்ள இடமில்லை. கடைசியில் ஒரு குறிப்பு எண் கிடைத்தது, அதோடு சரி. ராத்திரி கல்லெறிவது, கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுவது, இதெல்லாம் கரையோரத்தில் சகஜம், தனியாக வாழும் பெண்கள் பலர் புகாரே கொடுப்பதில்லை. ஏதோ காரணத்துக்காகக் கைதாகிவிட்டால் 'நிலையான முகவரி இல்லை' என்ற ஒரு வரி ஜாமீன் விஷயத்தில் எதிராகப் போகலாம் என்பதும் உண்மை.

தேம்ஸ் ஆறு தனிக் கதை. லண்டனின் மேற்கே உள்ள டெடிங்டனிலிருந்து ஆற்றின் மேல்பகுதி முழுவதும் சுற்றுச்சூழல் ஏஜென்சியின் பொறுப்பு, அங்கே பதிவு செய்யாமல் படகை வைத்திருப்பதே குற்றம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகும். கரை பெரும்பாலும் தனியாருடையது அல்லது கவுன்சிலுடையது. ரிச்மண்ட் கவுன்சில் 2015-ல் தன் கரையில் அனுமதியில்லாமல் படகைக் கட்டி வைப்பதைக் குற்றமாக்கி உள்ளூர் விதி கொண்டுவந்தது. கால்வாயில் சிவில் விவகாரமாக இருப்பது அங்கே கிரிமினல் விவகாரம். மலிவாகக் கிடைக்கிறது என்று தேம்ஸில் நிற்கும் படகை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கரையில் இருக்கும் அடுக்குமாடிக்காரர்களோடு வரும் சண்டையும் சின்னதல்ல. விறகு அடுப்புப் புகை, டீசல் எஞ்சின் சத்தம், இதுதான் புகார். இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது லைசன்ஸ் நிபந்தனை, அதை மதியுங்கள். 2021-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பிறகு கவுன்சில்கள் விரும்பினால் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கட்டிய படகுகளையும் சேர்க்கலாம். அதே வருடம் லீ ஆற்றில் துடுப்புப் படகுக் குழுக்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, படகு கட்டும் இடங்களைக் குறைக்கும் 'நீர்ப் பாதுகாப்பு மண்டலம்' வந்தபோது எல்லோரும் படகோடு ஊர்வலம் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எழுபது அடிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகப் போன அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது.

செலவும் ஏறிக்கொண்டே போகிறது. 2027-லிருந்து டிரஸ்ட்டுக்குத் தரும் அரசு மானியத்தின் மதிப்பு குறையும் என்று 2023-ல் அறிவித்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து நிரந்தர இடம் இல்லாதவர்களுக்குத் லைசன்ஸ் கட்டணத்தின் மேல் தனியாக ஒரு கூடுதல் கட்டணம், 5 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 25 சதவீதம் வரை ஏறும். இடம் வாங்க வசதியில்லாதவர்களிடமே அதிகம் வாங்குவது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

இதற்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், நகர்ந்த ஒவ்வொரு தடவையும் தேதி, பாலத்தின் எண், ஒரு போட்டோ என்று நீங்களே பதிவு வைத்துக்கொள்ளுங்கள், டிரஸ்ட்டின் பதிவில் நீங்கள் நகர்ந்தது விட்டுப்போயிருக்கலாம், கோர்ட்டில் உங்கள் நோட்டுப் புத்தகம் பேசும். எஞ்சின் பழுது, பனிக்கட்டி, லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) பழுது, உடம்பு சரியில்லை என்றால் 14 நாள் முடியும் முன்பே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளி என்றால் 2010 சமத்துவச் சட்டத்தின்படி உங்களுக்காக விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்காமல் கிடைக்காது. கடிதங்கள் வந்து சேர நம்பிக்கையான ஒருவர் முகவரியை வைத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் வந்ததே தெரியாமல் கெடு தாண்டியவர்கள் உண்டு. ஓட்டுரிமைக்கு நிலையான முகவரி தேவையில்லை, உள்ளூர்த் தொடர்பு அறிவிப்பு என்ற படிவம் போதும். டாக்டரிடம் பதிவு செய்யவும் முகவரிச் சான்று கட்டாயமில்லை, வரவேற்பில் மறுத்தால் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) விதி அப்படித்தான் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நேஷனல் பார்ஜி டிராவலர்ஸ் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு படகில் வாழ்பவர்களுக்கு ஆலோசனை தருகிறது, முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்றைக்கே அவர்களிடம் பேசுங்கள். 8-ஆம் பிரிவு நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வக்கீல் தேடத் தொடங்கினால் 28 நாள் போதாது.