விழுந்தாலும் அழாத பிள்ளை

கேள்வி: பையனை ஒன்றரை வயசுல மாமியார்கிட்ட விட்டுட்டு வீட்டுக்காரரோட சிங்கப்பூர் போயிட்டேன். மூணு வருஷம் கழிச்சு வந்தா என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குறான், எல்லாத்துக்கும் அப்பாயிதான். மத்தபடி தங்கமான பிள்ளை, முட்டி சிராய்ச்சு ரத்தம் வந்தாலும் அழமாட்டான், தானே குழாயடிக்குப் போய் கழுவிக்குவான். தஞ்சாவூர்ல தனியா வீடு பாத்துப் போயிட்டா சரியாகுமா? - மன்னார்குடி வாசகி

பதில்: மாமியார் புள்ளைய பிரிச்சுட்டாங்கன்னு மாசாமாசம் லெட்டர் வருது, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு ஊர்தான் மாறும். அத விடு. ரத்தம் வந்தாலும் அழமாட்டான்னு பெருமையா எழுதிருக்க பாரு, எனக்கு அங்கதான் பக்குனு ஆச்சு. அஞ்சு வயசு ஆகாத புள்ள அடிபட்டா யார்கிட்டயாச்சும் ஓடணும்மா. அப்பாயிகிட்டயாவது ஓடுறானா? அத நீ எழுதவே இல்ல, கவனிச்சிருக்க மாட்ட.

1952-லயே இங்கிலாந்துல ராபர்ட்சன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரில தனியா விடப்பட்ட சின்னப் புள்ளைங்கள பாத்து சொல்லிட்டாரு, மொதல்ல கத்தி அழுவும், அப்புறம் சுருண்டுடும், அப்புறம் சமத்தா விளையாடும், எல்லாரும் பழகிடுச்சுன்னு நினைப்பாங்க, ஆனா அம்மா வந்தா மூஞ்சிய திருப்பிக்கும். அம்மா வெளிய போயிட்டு வந்தா கண்டுக்காம பொம்மைய உருட்டுற குழந்தைங்களுக்கு நெஞ்சுத் துடிப்ப அளந்தும் பாத்திருக்காங்க, அழுற குழந்தைக்கு மாதிரியே எகிறிட்டுதான் இருந்துச்சு. அழுது பிரயோஜனம் இல்லன்னு கத்துக்கிட்ட புள்ளைய நீ தங்கம்ங்குற.

ரெண்டு பேருமா ஏன் போனீங்கன்னு நீ எழுதல, நானும் கேக்கல, கேட்டா திட்டுவேன். ஆனா இப்ப பண்ணப் பாக்குறது அதவிட மோசம். நாத்த ஒருதடவ பறிச்சு நடலாம், வேர் புடிச்ச பயிர மறுபடி புடுங்கி வேற வயல்ல நடுறவங்கள உங்க ஊர்ல பாத்திருக்கியா? மூணு வருஷம் ராத்திரி எந்திரிச்சு அவனுக்கு பால் ஆத்திக் குடுத்த மனுஷிக்கு நீ செய்யுற மரியாதை இதானா? அவங்க உனக்கு எதிரி இல்ல, அவன் இன்னும் யாரையாச்சும் நம்புறான்னா அது அவங்களாலதான்.

அதே வீட்லயே இரு. அப்பாயி பாய்ல அவன் ஒரு பக்கம் படுத்தா நீ இன்னொரு பக்கம் படு, சாக்லேட்ட நீட்டி அம்மாகிட்ட வான்னு கூப்புடாத. கடைக்குப் போனா சொல்லாம நழுவாத, அஞ்சு மணிக்கு வரேன்னா அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லு. விழுந்தான்னா குழாயடில பக்கத்துல போய் குந்தி நீயே தண்ணி ஊத்து, தள்ளிவிட்டாலும் எந்திரிக்காத. மாசக்கணக்குல ஆகும், வருஷமும் ஆகலாம்.

தஞ்சாவூர் போயே ஆகணும்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குப் போ. அப்பாயியையும் கூட்டிட்டுப் போ, அவன பத்தி டாக்டர் கேக்குற கேள்விக்கு உன்னால பதில் சொல்ல முடியாது.