மூளையில் விரியும், நுரையீரலில் சுருங்கும்

கேள்வி: மகன் பிறந்தநாளுக்குப் பலூன்களை விடாமல் ஊதித் தள்ளினேன். தலை கிறுகிறுத்து, உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் ஆகிவிட்டது. மூளைக்கு ஆக்சிஜன் பத்தவில்லை என்கிறார் மனைவி. அவ்வளவு காற்றை இழுத்த பிறகும் எப்படிப் பத்தாமல் போகும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வீட்டம்மா சொன்னதில் பாதி சரி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவே இல்லை, மூளைக்குப் போன ரத்தம்தான் குறைந்தது. காரணம், நீங்கள் ஊதித் தீர்த்த கார்பன் டை ஆக்சைடு. பள்ளிக்கூடத்தில் கழிவு வாயு என்று படித்து முடித்துவிட்டோம், ஆனால் எவ்வளவு விரிய வேண்டும் என்று மூளையின் ரத்தக்குழாய்கள் கேட்டுக்கொள்வதே அதனிடம்தான். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம் இருக்கும், ஒரு மி.மீ. குறைந்தால் மூளைக்கான ரத்த ஓட்டம் 3, 4 சதவீதம் குறையும், கூடினால் அதே கணக்கில் கூடும். வேகவேகமாக மூச்சுவிட்டு 25-க்கு இறக்கிவிட்டால் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விடும், அப்புறம் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இந்த வாயு ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி மூளைக்குள் எளிதாகப் போய்விடும். போன இடத்தில் அமிலத்தன்மை ஏறும், உடனே குழாயைச் சுற்றியுள்ள தசை தளரும். 1948-இல் கெட்டி, ஷ்மிட் என்ற இருவர் ஆரோக்கியமான இளைஞர்களை 5 முதல் 7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து அளந்தார்கள். மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய 75 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் விரல் குத்தல் வேறு கதை: இந்த வாயு குறைந்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறும், ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் திரியும் கால்சியம் குறையும், நரம்பு துடிக்கும். உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிட்டால் போதும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம், வந்தது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருட பீடிப் பழக்கம், நுரையீரல் அடைப்பு நோய். காலையில் தலைவலியோடு எழுகிறார், ஆனால் கை மட்டும் கதகதவென்று இருக்கிறது. டாக்டர் கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லிப் பார்த்தார். எதற்கு?
– வாசகி, தேனி

பதில்: கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா என்று பார்த்திருக்கிறார். தேங்கினால் அப்படி மடக்கிய கை பட்பட்டென்று கீழே விழுந்து எழும். தூக்கத்தில் மூச்சு தளர்ந்து வாயு சேர, மூளையின் குழாய்கள் விரிகின்றன, அதுதான் காலைத் தலைவலி. தோலிலும் விரிவதால் கை சூடு, நாடியும் துள்ளும். ஆனால் ரத்தத்தில் இதே வாயு மிக அதிகமானால், அவசர நேரத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்பட்டுச் சிறுநீரகத்தின் குழாய் இறுகும்.

நுரையீரல்தான் முழுக்க எதிர்க்கட்சி. காற்று போகாத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன லாபம்? அதனால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அங்குள்ள குழாய் சுருங்கிவிடும், கார்பன் டை ஆக்சைடு ஏற்றும் அமிலம் அதை இன்னும் இறுக்கும். ஆக்சிஜன் குறைவால் வரும் இந்தச் சுருக்கத்தை 1946-இல் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன்காரர்கள் பூனைகளில் காட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பாவைப் போன்றவர்களுக்கு நுரையீரலில் பல இடங்களிலும் ஒருசேர, வருடக்கணக்கில் சுருங்கியே இருந்தால் இதயத்தின் வலது பக்கம் திணறும், கால் வீங்கும்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். மூச்சிரைக்கிறதே என்று நீங்களாகத் திருகிக் கூட்டினால், சுருங்கியிருந்த குழாய்கள் திறந்து காற்றில்லாத மூலைகளுக்கே ரத்தம் ஓடி, கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறும். இவர்களுக்குப் பொதுவாக விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவியில் 88 முதல் 92 சதவீதம் காட்டினால் போதும் என்பார்கள், அப்பாவுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பகலிலும் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.