டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல்

கேள்வி: பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் முன்பு கிருஷ்ணகிரியில் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் மெஷின்) வாங்கினேன். போன வாரம் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. "ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், வாரன்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். நான் கலந்துதான் ஓட்டினேன். என்ன செய்யலாம்?

பதில்: காவேரிப்பட்டணத்தில் நான் கடை வைத்திருந்தபோது, ஜாம் ஆன மெஷினோடு வந்த எல்லோரும் "கலந்துதான் ஓட்டினேன்" என்றார்கள். கோபப்படாதீர்கள், பல பேர் சொன்னது நிஜம்தான்.

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டுக் காயவையுங்கள். பெட்ரோல் பறந்துவிடும், ஆயில் கலந்திருந்தால் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி கறை நிற்கும். அப்புறம், உங்கள் கண்ணெதிரே சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டை வழியே பிஸ்டன் தெரியும். அதில் கீறல் இருந்தாலே ஆயில் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம். இன்ஜினில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டோ ஆயில் சீலோ பழுதாகிக் காற்று இழுத்தாலும் இன்ஜின் சூடேறி இப்படித்தான் ஜாம் ஆகும். சிலிண்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடியது உள்ளே வறண்டு கிடக்கும். பிஸ்டனுக்குக் கீழே சுழலும் தண்டான கிராங்க் பக்கம் ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் கம்பெனியிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கடைக்காரர் ஏன் தட்டிக்கழிக்கிறார்? என் அனுபவத்தில், பார்ட்ஸ் கம்பெனியிலிருந்து வந்துவிடும், பிரித்து மாட்டிய கூலி ஒழுங்காக வராது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

நானும் தப்பு செய்தவன்தான். ஒரு அம்மாவுக்கு மெஷின் விற்றபோது ஆயில் கணக்கை வாயால் சொன்னதோடு சரி, அளவுக் குப்பி கொடுக்கவில்லை. லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு தடவை கேட்டு யாருக்கு நினைவிருக்கும்? அவர் மகன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான். பிஸ்டன் செட்டுக்கு மட்டும் காசு வாங்கினேன், கூலி கேட்க வாய் வரவில்லை.

உங்கள் கடைக்காரர் மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சீரியல் நம்பரோடு படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். தருமபுரி நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அது சரி, பில் வாங்கினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.