நவீன காலப் புனிதர்களில் உங்களுக்கு நெருக்கமானவர் யார்? அவர் திருநாளை எப்படி நினைவுகூர்கிறீர்கள்?

புனித மாக்ஸிமிலியன் கோல்பே. போலந்து நாட்டு பிரான்சிஸ்கன் துறவி. திருநாள் ஆகஸ்ட் 14. மறுநாளே மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா வந்துவிடுவதால் இவருடைய நாள் பலர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

1941 ஜூலை இறுதி, நாஜிக்களின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். கோல்பேயும் அங்கே ஒரு கைதி. ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிரான்சிசெக் கயோவ்னிசெக் என்ற ராணுவ வீரர். மனைவி பிள்ளைகளை நினைத்து அவர் கதறியதும் கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்தார். தான் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், அவருக்குப் பதிலாகத் தான் போவதாகவும் சொன்னார். அப்போது கோல்பேக்கு 47 வயது. காசநோய் அவர் நுரையீரலை எப்போதோ தின்றிருந்தது.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். என்னை உலுக்குவது அதற்கப்புறம் நடந்ததுதான். நிலவறையில் இரண்டு வாரம், அன்னம் தண்ணீர் இல்லாமல். அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த கைதி பின்னாளில் சாட்சி சொன்னார்: உள்ளேயிருந்து செபமும் பாட்டும் கேட்டபடி இருந்தன, பக்கத்து அறைக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள். கடைசியில் நான்கு பேருக்குத்தான் உயிர் இருந்தது. ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பே தானே கையை நீட்டினாராம். ஒரு நொடித் துணிச்சல் யாருக்கும் வரலாம். பதினான்கு நாள் சாகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பது வேறு.

1971இல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஆனபோது அவரை மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவராக, அறிவிக்கவில்லை. விசுவாசத்துக்காக நேரடியாகக் கொல்லப்பட்டாரா என்ற கேள்வி இருந்தது. 1982 அக்டோபர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால்தான் அவரை மறைசாட்சி என்றே அறிவித்துப் புனிதர் பட்டம் கொடுத்தார். கயோவ்னிசெக்கும் அங்கே இருந்தார். 1995 வரை வாழ்ந்தார். ஆனால் அவர் பிள்ளைகள் இருவரும் போரிலேயே இறந்துபோயிருந்தார்கள். அப்படியென்றால் அந்தத் தியாகத்துக்கு என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. கோல்பே பலனைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் அழுகை காதில் விழுந்தது, போனார்.

சரி, எப்படி நினைவுகூர்வது? முடிந்தால் அன்று திருப்பலிக்குப் போங்கள். மறைசாட்சி என்பதால் குரு சிவப்பு உடையில் இருப்பார். சிறைக்கைதிகளுக்குப் பாதுகாவலர் இவர், அதனால் செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காக ஒப்புக்கொடுப்பேன். அப்புறம், கைக்குழந்தை வைத்திருக்கும் சக ஊழியர் யாருக்காவது அன்று நைட் ஷிப்ட் விழுந்திருந்தால் அதை நான் வாங்கிக்கொள்வேன். காரணத்தை அவரிடம் சொல்வதில்லை.