25 வருடப் பழைய காருக்கு டோ பார் நானே மாட்டி, ஒயரிங்கும் செய்துகொள்ள முடியுமா?

முடியும். டோ பார் என்பது ட்ரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்; அதன் நுனியில் இருக்கும் பந்தில்தான் ட்ரெய்லர் மாட்டும். கையில் ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இருந்து, கார் அடியில் படுக்கச் சலிப்பில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். என் காருக்கும் நண்பர்கள் சிலரின் பழைய கார்களுக்கும் மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். புதிதாக வாங்கும் கிட் பெரும்பாலும் தொந்தரவு தராது. அது போய் உட்காரும் பழைய தகடும், போய்ச் சேரும் பழைய ஒயரும்தான் படுத்தும். மாட்டும் வேலை கொஞ்ச நேரம்தான். சுரண்டுவதும் துடைப்பதும் சோதிப்பதும்தான் நாளை விழுங்கும்.

வாங்குவதற்கு முன் காரின் எடைத் தகட்டைப் பாருங்கள். போனட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ இருக்கும். பல கார்களில் அதில் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும்: கார் ஏற்றக்கூடிய மொத்த எடை, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடை, முன் அச்சுக்கான வரம்பு, பின் அச்சுக்கான வரம்பு. முதல் எண் 1700, இரண்டாவது 2900 என்றால், முழுச் சுமை ஏற்றிய கார் 1200 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. சேர்ந்த எடைக்கான எண்ணே இல்லை, கையேட்டிலும் இழுவை எடை பற்றிப் பேச்சில்லை என்றால், அந்தக் காரை இழுப்பதற்காக நிறுவனம் தயாரிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் டோ பாரைப் பதிவில் ஏற்ற வேண்டுமா, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பலர் கண்டுகொள்ளாமல் விடுவது பின் அச்சு வரம்பை. ட்ரெய்லரின் மூக்கு பந்தின் மேல் 75 கிலோ அழுத்தினால் பின் சக்கரங்களுக்குக் கூடுவது 75 அல்ல. பந்து பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்னால் 105 கிலோ கூடும், முன்னால் 30 கிலோ குறையும். டிக்கி நிறையச் சாமான், பின் சீட்டில் மூன்று பேர், தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங் என்றால் காரின் பின்பக்கம் தரையை நோக்கி இறங்கிவிடும். அப்போது முன் விளக்கு வானத்தைப் பார்க்கும், ஸ்டியரிங்கும் லேசாகிவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் டோ பாருக்கு முன் அதை மாற்றுங்கள்.

பந்தின் அளவும் முக்கியம். ஐரோப்பிய முறையில் 50 மி.மீ.; அமெரிக்க முறையில் பரவலாக இருப்பது 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2 அங்குலக் கப்லிங்கை (பந்தைக் கவ்விப் பிடிக்கும் ட்ரெய்லரின் மூக்குப் பகுதி) 50 மி.மீ. பந்தில் மாட்டினால் தளர்வாக ஆடும், மேடு பள்ளத்தில் கழன்றுகொள்ளவும் கூடும். ட்ரெய்லர் கப்லிங்கில் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டே பந்தை வாங்குங்கள். உயரத்துக்கு ஐரோப்பிய விதி, சுமை ஏற்றிய நிலையில் தரையிலிருந்து பந்தின் நடு வரை 350 முதல் 420 மி.மீ. வேறு இடங்களில் இருப்பவர்களும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். ட்ரெய்லர் தரைக்கு இணையாக நிற்கும்.

இனி இரும்பு. டோ பார் பெரும்பாலும் காரின் பின்பக்கச் சேஸிஸ் கால்களில்தான் (அடியில் நீளவாக்கில் ஓடும், உள்ளே கூடான தகட்டுச் சட்டங்கள்) போல்ட் ஆகும். சக்கரம் வீசியடிக்கும் சேறு வந்து தங்குவதும் அங்கேதான். மேலே கறுப்பாக அண்டர்கோட்டிங் பூசியிருக்கும், பார்க்கப் புதிதுபோல் இருக்கும். ஒரு தட்டை ஸ்குரூடிரைவரை எடுத்து போல்ட் வரும் இடத்தைச் சுற்றி அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு முனையைத் திருப்பித் தள்ளும். கெட்ட இடத்தில் பூச்சு முதலில் லேசாக உள்வாங்கும், அப்புறம் 'கரக்' என்று முனை உள்ளே போகும், பழுப்புச் செதில்கள் முகத்தில் கொட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடியால் தட்டினாலும் தெரியும்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்த இடம் மந்தமாகச் சத்தம் தரும். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய காரில் பின் விளக்கின் ரப்பர் காய்ந்து அந்த வழியாகத்தான் மழைநீர் இறங்கும்.

ஓட்டை விழும் அளவுக்குத் துரு இருந்தால் வேலையை நிறுத்துங்கள். கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தபின்தான் டோ பார். பட்டி பூசி மறைத்து அதன்மேல் போல்ட் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

தகடு நல்லதாக இருந்தால், போல்ட் உட்காரும் இடத்து அண்டர்கோட்டிங்கை முழுக்கச் சுரண்டி எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். மெத்தென்ற பூச்சின் மேல் எவ்வளவு இறுக்கினாலும், நாளாக ஆக அது நசுங்கிப் பிதுங்கிவிடும், போல்ட்டின் இறுக்கமும் போய்விடும். வெறும் உலோகம் வரை சுரண்டி, மெல்லிய துத்தநாகப் பிரைமர் அடித்தால் போதும். புதிதாகத் துளை போட்டால் விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து அங்கேயும் பிரைமர். சேஸிஸ் கால் உள்ளே கூடாக இருப்பதால், துளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை போகும் இடத்தில் கிட்டோடு வரும் குழாய்த் துண்டை உள்ளே வைத்தே இறுக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் பெட்டிபோன்ற அந்தக் கால் நசுங்கும். டிக்கித் தரைக்கு மேல் வரும் போல்ட்டுக்குச் சின்ன வாஷர் போதாது. அகலமான தடித் தகடு வேண்டும்.

முதலில் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். பார் நேராக உட்கார்ந்தபின் ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 8.8 தர போல்ட்டுக்குப் பொதுவாக எம்10 என்றால் 50 நியூட்டன் மீட்டர் அளவும், எம்12 என்றால் 80 அளவும், பந்தைப் பிடிக்கும் எம்16 என்றால் 200க்குப் பக்கமும் வரும். கிட்டின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மரையில் எண்ணெய் தடவாதீர்கள். அதே அளவுக்கு முறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். 1000 கிலோமீட்டர் ஓட்டியபின் திரும்ப ஒருமுறை சரிபாருங்கள். கடைசியாகக் கூட்டுக்குள் மெழுகு ஸ்பிரே அடித்துவிட்டால் அடுத்த துரு தள்ளிப்போகும்.

ஒயரிங்கில் பழைய கார் உங்கள் பக்கம். ஒரு விளக்குக்கு ஒரு ஒயர், பிரேக் மிதித்தால் 12 வோல்ட், அவ்வளவுதான். பின்னால் வந்த கார்களில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பல்பையும் கண்காணிக்கும். அங்கே இடையில் ஒயரைச் சொருகினால் எச்சரிக்கை விளக்கு எரியும், சிலவற்றில் அந்த விளக்கையே அணைத்துவிடும். உங்கள் டாஷ்போர்டில் 'பல்ப் பழுது' என்று காட்டும் வசதி இருந்தால் அந்தக் காருக்கென்றே செய்த கிட் வாங்குங்கள்.

ஐரோப்பிய 7 பின் சாக்கெட்டின் வரிசை இது: 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 2 நீலம் பின் ஃபாக் விளக்கு, 3 வெள்ளை எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), 4 பச்சை வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு வலது டெயில் விளக்கு, 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது டெயில் விளக்கு. இந்த நிறங்கள் கிட்டுக்குத்தான். காரின் ஒயர் நிறம் வேறாக இருக்கும். அதிலும் பழைய காரில் முன்னால் யாராவது கைவைத்து மாற்றியிருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடியுங்கள். 13 பின் சாக்கெட்டில் ரிவர்ஸ் விளக்கும், எப்போதும் இருக்கும் 12 வோல்ட்டும், சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டும் கூடுதல். ட்ரெய்லரில் உள்ளே விளக்கோ ஃபிரிட்ஜோ இல்லை என்றால் 7 பின் போதும்.

பைபாஸ் ரிலே போடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ட்ரெய்லரின் இரண்டு பிரேக் பல்புகள் 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். கால் நூற்றாண்டாகத் தேய்ந்த பிரேக் சுவிட்சின் தலையில் அதையும் ஏற்றுவானேன்? ரிலே, காரின் ஒயரிலிருந்து துளி மின்சாரத்தை மட்டும் சைகையாக எடுத்துக்கொண்டு, பல்புக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுவரும். அந்த ஒயருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு எடுங்கள், 5 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் போனாலும் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட் அளவுதான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிக்கியில் வைத்தால், வழியில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால் ஃபியூஸால் ஒன்றும் செய்ய முடியாது, தீதான். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள்.

ரிலே இல்லாமல் நேராக இணைத்தால் இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃபிளாஷரும் தகராறு செய்யும். பழையது 21 வாட் பல்ப் இரண்டுக்குக் கணக்குப்போட்டுச் செய்தது. மூன்றாவது சேர்ந்தால் சூட்டில் இயங்கும் வகை படபடவென்று அடிக்கும். மூன்று பல்புக்கான ஃபிளாஷர் தனியாகக் கிடைக்கும்.

நீல நிறத்தில் வரும் 'கிளிக்' இணைப்பான்களைக் குப்பையில் போடுங்கள். ஒயரின் இழைகளை வெட்டும், ஈரத்தை உள்ளே விடும். பழைய ஒயரை உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும், அதில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போய், பசையுள்ள சுருங்கும் குழாயோடு வரும் கிரிம்ப் (இடுக்கியால் நசுக்கிப் பொருத்தும் இணைப்பு) போடுவதுதான் தேறும்.

மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் கோளாறு வந்தால் பத்துக்கு எட்டு தடவை எர்த்தைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு நண்பர் காரில் இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரின் டெயில் விளக்கும் சேர்ந்து மினுக்கியது, பிரேக் மிதித்தால் எல்லாமே மங்கியது. பல்பை மாற்றினார், சாக்கெட்டை மாற்றினார், தீரவில்லை. டிக்கி விரிப்புக்கு அடியில், பெயின்ட்டின் மேலேயே முடுக்கிய எர்த் ஸ்குரூ ஒன்று. அடியில் பச்சை பூத்திருந்தது. திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகளின் வழியாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் அடங்கியது.

இதை மல்டிமீட்டர் வைத்து வெறுமனே அளந்தால் அகப்படாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். ட்ரெய்லரை மாட்டி எல்லா விளக்கையும் எரியவிட்டு, ட்ரெய்லர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாக முன்னேறிக்கொண்டே அளங்கள். எங்கே எண் திடீரென்று குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. காரின் பக்கம் எல்லாம் சுத்தமாக இருந்தால் ட்ரெய்லர் பிளக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதற்குள்ளேயே தண்ணீர் நிற்கும்.