படத்துப் பையன் ஏன் குண்டாக இல்லை?

கேள்வி: அக்கா, என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அவன் சித்தப்பா வாங்கித் தந்த ‘ஹோல்ஸ்’ நாவலைப் படித்துவிட்டு, விடுமுறையில் படத்தையும் போட்டான். பாதியிலேயே எழுந்து போய்விட்டான். புத்தகத்தில் கதாநாயகன் ஸ்டான்லி குண்டு, படத்தில் ஒல்லி, ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான். இவனும் கொஞ்சம் குண்டு, பள்ளியில் கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில், அவன் சொல்வது சரி என்று சொல்லிவிடுங்கள் தங்கச்சி. லூயிஸ் சாச்சார் 1998இல் எழுதிய நாவலில் ஸ்டான்லி குண்டுப் பையன்தான். செய்யாத திருட்டுக்காகச் சிறுவர் சீர்திருத்த முகாமுக்குப் போய், தினமும் ஐந்தடி ஆழம் ஐந்தடி அகலத்தில் ஒரு குழி வெட்டுகிறான். முதல் நாள் மண்வெட்டி தரையில் இறங்கவே மாட்டேன் என்கிறது. அதே பையன்தான் பின்னால், சோர்ந்து விழுந்த முகாம் நண்பன் சீரோவைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான். உங்கள் மகன் அந்த உடம்பைத்தான் தேடியிருக்கிறான்.

ஆண்ட்ரூ டேவிஸ் இயக்கி 2003இல் வந்த படத்துக்குத் திரைக்கதையும் சாச்சாரே எழுதினார். அதனால் மஞ்சள் புள்ளிப் பல்லி, வெங்காயம், முப்பாட்டன் காலத்துச் சாபம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அப்புறம் உடம்பு மட்டும் ஏன் மாறியது? கதையில் ஸ்டான்லி குழி வெட்டி வெட்டி இளைக்கிறான், ஆனால் படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது, மலையேறும் காட்சியை முதலிலும் முகாமுக்கு வரும் காட்சியைக் கடைசியிலும் எடுக்க நேரும், அதற்காக வளர்கிற பிள்ளையைக் குண்டாக்கி இளைக்கவைப்பது நல்லதில்லை. இதைச் சொன்னால் புரிந்துகொள்வான். ஆனாலும் எனக்கும் அதில் வருத்தம்தான்.

நான் இந்தப் படத்தை அம்மாவோடு பார்த்தேன். தோட்டத்தில் செம்பனைக் கன்று நடக் குழி வெட்டியவர். வறண்ட ஏரி முழுக்கக் குழிகளாகத் தெரிந்தபோது, மண்டோர், அதாவது கங்காணி, கணக்குப் பார்த்த காலம் ஞாபகம் வந்து, “இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணியாவது குடுக்கிறானா பாரு” என்றார். முகாம் காவலர் ஸ்டான்லிக்குத் தண்ணீர் ஊற்றாமல் பழிவாங்கும் காட்சி வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், பிறகு கூப்பிட்டுத்தான் உட்காரவைத்தேன்.

பாதியில் போனவன் மலையேற்றத்தைப் பார்த்திருக்க மாட்டான். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து மிச்சத்தைப் போடுங்கள், அவரும் பேசுவார். கேலி விஷயத்தை வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பள்ளி திறந்த முதல் வாரமே போங்கள்.