சொல் நோட்டை மூடுங்கள், சுலபமான புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மாமியார் மட்டும் தமிழில் பேசுவார். தமிழ்ச் சொல்வளம் பெருகட்டும் என்று 200 பக்கக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, தெரியாத சொற்களை அகராதி பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். தினமும் 10 சொல். ஒரு மாதமாகியும் பத்துப் பக்கம்தான் முடிந்திருக்கிறது. இப்போது தமிழ்ப் புத்தகம் என்றாலே அழுகிறாள். 10 சொல்லை ஐந்தாகக் குறைக்கலாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புச் சகோதரி,

ஐந்தும் வேண்டாம். நோட்டையே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் அக்கறையிலும் குறையில்லை, பிள்ளையிடமும் குறையில்லை. அந்தப் புத்தகம் அவளுக்கு இப்போது கடினம், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன கணக்கையே பாருங்கள். பத்துப் பக்கத்தில் 300 புதுச் சொல் என்றால் பக்கத்துக்கு 30. ஒருவர் துணையின்றிக் கதையைப் புரிந்து வாசிக்க, 100 சொற்களில் ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பங்கேற்ற ஆய்வு. அப்படியானால் 150 சொற்கள் உள்ள பக்கத்தில் மூன்று சொல் தெரியாமல் இருக்கலாம். முப்பது இருந்தால் கதை எங்கே ஓடும்? எந்தப் பிள்ளைக்கும் அழுகைதான் வரும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'நின்றான்' என்பதை அகராதியில் தேடினால் கிடைக்காது. 'நில்' என்று தேட வேண்டும். அது தெரிந்த பிள்ளைக்கு அகராதியே தேவைப்படாது. பாட்டி "எந்திரிச்சு வாம்மா" என்கிறார், புத்தகம் 'எழுந்து வா' என்கிறது. நோட்டில் புதுச் சொல் என்று எழுதியவற்றில் பாதியாவது அவள் காதுக்குப் பழகியதாகவே இருக்கும். எழுத்தில் பார்த்துத்தான் பழகவில்லை. இதற்கு அகராதி மருந்தாகாது. ஒரே சொல்லை வேறு வேறு வாக்கியத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு முறை கண்ணில் பட்டால் ஒட்டாது, பல முறை பட வேண்டும். கடினமான ஒரே புத்தகத்தில் அது நடக்காது. சுலபமான முப்பது, நாற்பது புத்தகங்களில் தானாக நடக்கும்.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்களைவிட அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் வெகுவாக முன்னேறினார்கள். 1983இல் வெளிவந்த ஆய்வு அது. 1985இல் நம் சிங்கப்பூரிலேயே கீழ்த்தொடக்கநிலை ஆங்கில வகுப்புகளில் கதைப் புத்தகங்களை மையமாக வைத்த ஒரு திட்டம் தொடங்கியது. ஆங்கிலத்துக்குக் கிடைத்த அந்த வாய்ப்பைத் தமிழுக்கு நம் வீட்டில் நாம் ஏன் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

சனிக்கிழமை பிள்ளையை உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். தமிழ் அலமாரி முன்னால் விட்டுவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். புத்தகத்தை அவள்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கட்டும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். மூன்று விரலுக்கு மேல் மடங்கினால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியிலேயே விட்டுவிடலாம். பாலர் பள்ளிப் படப் புத்தகத்தை எடுத்தாலும் எடுக்கட்டும். "இது சின்னப் பிள்ளைங்க புக்குல்ல?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும், அடுத்த முறை வரவே மாட்டாள்.

நூலகத்துக்குப் போக முடியாத வாரத்தில், இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம். நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். பெரும்பாலும் இந்தியாவில் எழுதப்பட்டவை என்பதால் நம் பாடநூலில் இல்லாத சில சொற்கள் வரும், பரவாயில்லை.

தினமும் 15 நிமிடம் போதும். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். அர்த்தம் கேட்டால் ஆங்கிலத்திலேயே ஒரு சொல்லில் சொல்லிவிட்டு விடுங்கள், கதை நிற்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது மாமியாரை உரக்க வாசிக்கச் சொல்லி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் கேட்ட தமிழும் கண்ணில் படும் தமிழும் சேர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

பள்ளியில் கொடுக்கும் சொற்பட்டியலையும் சொல்வதெழுதுதலையும் வழக்கம்போல் படிக்கட்டும், அதைக் கதை நேரத்தோடு கலக்காதீர்கள். அடுத்த தேர்விலேயே மதிப்பெண் ஏறும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வாசிக்கும்போது புரிகிற சொல் கட்டுரையில் தானாக வந்து விழச் சில மாதங்கள் பிடிக்கும். தமிழாசிரியரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவளுக்கு ஏற்ற புத்தகங்கள் வகுப்பிலோ பள்ளி நூலகத்திலோ இருந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார்.